வேலையை மருந்தாக்கிய எலினார் ஸ்லேகிள்

சுவர் ஓரமாக நீண்ட பெஞ்சுகள். அவற்றில் வரிசையாக மனிதர்கள். காலையில் வந்து உட்கார்ந்தவர்கள் மாலை வரை அதே இடத்தில் இருப்பார்கள். பேச்சில்லை, வேலையில்லை, அடுத்த வேளைச் சோற்றைத் தவிர எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. இப்படியே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஓடிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளில் காணக்கிடைத்த காட்சி இது. நோய் ஒரு பாதி அழித்தது. சும்மா இருந்தது மறுபாதியை அழித்தது. தானாக முகம் கழுவவும், சட்டைக்குப் பொத்தான் போடவும்கூட மறந்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இனி இவர்கள் தேறமாட்டார்கள் என்று டாக்டர்களே கைவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்களை எழுப்பி நடக்க வைக்க முடியும் என்று நம்பியவர் ஒரு பெண்மணி. அவர் டாக்டர் அல்ல; நர்ஸும் அல்ல. தம் நாற்பதாவது வயதில் மாணவியாகச் சேர்ந்து, புதிய தொழில் ஒன்றையே உருவாக்கிவிட்டுப் போனவர். அவர் பெயர் எலினார் கிளார்க் ஸ்லேகிள். அவர் வளர்த்த தொழில்தான் இன்று உலகெங்கும் ஆக்குபேஷனல் தெரபி என்று வழங்கும் தொழில்வழிச் சிகிச்சை.

ஹோபார்ட் ஊர்ப் பெண்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் மலையும் பண்ணையுமாக உள்ள டெலவேர் மாவட்டம் வேறு உலகம். அங்கே ஹோபார்ட் என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி எலினார் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எல்லா மே கிளார்க். எலினார் என்பது பின்னர் வந்த பெயர்.

நோயும் ஊனமும் அவர் குடும்பத்துக்குப் புதியவை அல்ல. தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டுக் காயம் பட்டு ஊர் திரும்பியவர். தம்பி ஜான் காசநோயால் துன்பப்பட்டவர். அந்தத் தம்பி பிற்காலத்தில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை உறுப்பினராக உயர்ந்து, 1933இல் மோட்டார் விபத்தில் காலமானார். அடுத்த தலைமுறையில் மருமகன் ஒருவரை இளம்பிள்ளை வாதம் முடக்கியது.

நோய் வந்தவனுக்கு உடம்பு வலி மட்டுமா? செய்துவந்த வேலை போய்விடுகிறது. வீட்டிலும் ஊரிலும் இருந்த இடம் போய்விடுகிறது. வேலையற்ற நாளைக் கழிப்பது நோயைவிடக் கொடுமை. இவற்றை எலினார் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டார்.

1894இல் ராபர்ட் ஸ்லேகிள் என்பவரை மணந்தார். அந்த இல்லறம் நிலைக்கவில்லை, மணமுறிவில் முடிந்தது. கணவர் வழி வந்த ஸ்லேகிள் என்ற பெயர் மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது. உலகம் அவரை அறிந்ததும் அந்தப் பெயரால்தான்.

நாற்பது வயதில் மாணவி

சிகாகோ நகரில் ஏழைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த ஹால்ஸ்டெட் தெருவில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழி எலன் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியிருந்தார்கள். பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டு மக்களுக்கு மொழி வகுப்பு, குழந்தைகள் காப்பகம், கைத்தொழில் கூடம் எல்லாம் அங்கே நடந்தன. படித்த பெண்கள் பலர் அங்கேயே தங்கித் தொண்டு செய்தார்கள். ஜேன் ஆடம்ஸ் பின்னாளில், 1931இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அந்தப் பெண்களுள் ஒருவர் ஜூலியா லேத்ராப். 1893இல் இல்லினாய் மாநில அரசு இவரை அறநிலைய வாரியத்தில் உறுப்பினராக நியமித்தது. பதவி கிடைத்ததும் லேத்ராப் நாற்காலியில் உட்காரவில்லை. மாநிலத்தின் 102 மாவட்டங்களிலும் இருந்த அனாதை விடுதிகளையும் ஏழையர் விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தார். வேறு போக்கிடமில்லாமல் அங்கே அடைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளின் நிலை அவரை உலுக்கியது.

நோயாளிகளுடன் நாள் முழுதும் இருப்பவர்கள் டாக்டர்கள் அல்லர், ஆஸ்பத்திரி ஊழியர்களே. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நிலைமை மாறும் என்று லேத்ராப் கண்டார். அவர் முயற்சியால் 1908இல் சிகாகோவின் சமூகப்பணிப் பள்ளியில் ஒரு சிறப்பு வகுப்பு தொடங்கியது. மனநோய் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கைத்தொழில், விளையாட்டு, பொழுதுபோக்கு இவற்றை நோயாளிகளிடம் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது.

சிகாகோவுக்கு அருகிலுள்ள கான்ககீ மாநில ஆஸ்பத்திரியில் நோயாளிகள் சும்மா உட்கார்ந்திருந்த காட்சி எலினார் மனதைத் தைத்தது. 1911இல் அவர் அந்த வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அந்தக் காலத்தில் நாற்பது வயதுப் பெண்மணி வாழ்க்கையை முடித்துக்கொண்டு பேரன் பேத்திகளை எதிர்பார்க்கும் பருவம். எலினாரின் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

பயிற்சி முடிந்ததும் மிச்சிகன் மாநிலத்தின் நியூபெரி ஆஸ்பத்திரியிலும், நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் ஐலிப் ஆஸ்பத்திரியிலும் ஊழியர்களுக்கு அவரே வகுப்பு நடத்தினார்.

டாக்டர் மேயரின் துணை

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பிப்ஸ் மனநோய் நிலையம் 1913இல் திறக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் அடால்ப் மேயர். சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா வந்து, அந்நாட்டு மனநோய் மருத்துவர்களில் முதல்வராக மதிக்கப்பட்டவர். இளம் வயதில் அதே கான்ககீ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அப்போதே லேத்ராப் அம்மையாரை அறிந்தவர். இந்தப் பழைய தொடர்பு எலினாரை பால்டிமோருக்குக் கொண்டுவந்தது. பிப்ஸ் நிலையத்தின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவை இரண்டாண்டுக் காலம் அவர் நடத்தினார்.

மேயரின் கருத்து எளியது. மனநோய் என்பது மூளைக்குள் மட்டும் நடக்கும் சங்கதி அன்று. மனிதன் தன் நாளை நடத்தும் முறை குலைந்துபோவதும் நோயின் பகுதியே. வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கும் அளவோடு அமைந்தால்தான் வாழ்க்கை நிலைக்கும். குலைந்த தாளத்தைச் சொற்பொழிவால் திருப்ப முடியாது. செய்து செய்துதான் திருப்ப முடியும்.

மேயர் இதைக் கொள்கையாகச் சொன்னார். அதை ஒரு நாளின் காலை முதல் இரவு வரையிலான நடைமுறையாக மாற்றியவர் எலினார்.

வேலை கொடுத்து மனநோயைத் தணிக்கும் எண்ணம் அதற்கு முன்பும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் டாக்டர் பினெல் நோயாளிகளை மனிதராக நடத்தவேண்டும் என்று போராடினார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796இல் திறந்த இல்லத்தில் நோயாளிகள் தோட்ட வேலை செய்தார்கள்; தையல் தைத்தார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரிகள் ஊர் போலப் பெருத்தபோது இந்த வழி மங்கிப்போனது. முப்பது பேருக்கு நடந்தது மூவாயிரம் பேருக்கு நடக்கவில்லை. விட்டுப்போன அந்த இழையைத்தான் எலினார் தலைமுறை மீண்டும் பிடித்தது.

சிகாகோ பட்டறை

பால்டிமோரிலிருந்து எலினார் சிகாகோ திரும்பினார். அங்கே அவர் செய்த காரியம், இன்று சமுதாய மனநலப் பணி என்று சொல்லப்படுவதற்கு முன்னோடி.

அமெரிக்காவில் அப்போது மனநல இயக்கம் ஒன்று வளர்ந்து வந்தது. மனநோய் ஆஸ்பத்திரிகளில் தாம் பட்ட பாட்டை கிளிபோர்ட் பியர்ஸ் என்பவர் 1908இல் நூலாக எழுதி வெளியிட்டு நாட்டையே அதிரவைத்திருந்தார். அதன் விளைவாகப் பல மாநிலங்களில் மனநலச் சங்கங்கள் தோன்றின. இல்லினாய் மனநலச் சங்கத்தின் ஆதரவில் எலினார் ஒரு பட்டறையைத் தொடங்கினார்.

அது ஆஸ்பத்திரிக்குள் இல்லை, ஊருக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தும் வேலை கிடைக்காதவர்கள், எந்த வேலையிலும் நிலைக்க முடியாதவர்கள், மனம் தளர்ந்து ஆஸ்பத்திரி வாசலை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆகியோர் வீட்டிலிருந்தே வந்து வேலை பழகிப் போனார்கள்.

இதன் அருமை எளிதில் விளங்காது. மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் குணமாகி வீடு திரும்புகிறார். வீட்டில் அவரை ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள். வேலை கொடுக்கப் பயம். கொடுத்தாலும் பழைய வேகம் இல்லை. நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சம். சில மாதங்களில் மீண்டும் ஆஸ்பத்திரி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் அந்தப் பட்டறை.

இந்த முயற்சியிலிருந்தே 1915இல் பயிற்சிப் பள்ளியும் பிறந்தது. சிகாகோவின் புகழ்பெற்ற மருத்துவர் ஹென்றி பேவில் பெயரால் வழங்கிய அந்தப் பள்ளி, தொழில்வழிச் சிகிச்சையாளர்களை உருவாக்கிய முதல் பள்ளிகளுள் ஒன்று. முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு உதவும் பெண்களும் அங்கே பயிற்சி பெற்றார்கள்.

ஆறு பேர் கூடிய கூட்டம்

1917 மார்ச் மாதம் 15ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் ஆறு பேர் கூடினார்கள்.

வீட்டுக்குரியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். கட்டடக் கலைஞர். காசநோய், கால் அறுவை, ஒரு பக்க வாதம் என்று அடுக்கடுக்காக அடிபட்டு, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம்மை மீட்டுக்கொண்டவர். மற்றவர்கள் மனநோய் மருத்துவர் வில்லியம் ரஷ் டண்டன், கைத்தொழில் ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவில் போர்வீரர்களின் மறுவாழ்வுப் பணியில் இருந்த தாமஸ் கிட்னர், பார்ட்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன், எலினார் ஸ்லேகிள். நர்சுகளுக்கு இக்கலையைக் கற்பித்து 1910இல் நூல் எழுதிய சூசன் டிரேசி அம்மையாரால் வர இயலவில்லை.

தொழில்வழிச் சிகிச்சை வளர்ச்சிக்கான தேசிய சங்கம் அன்று பிறந்தது. பார்ட்டன் தலைவர், எலினார் துணைத் தலைவர். மூன்று வாரம் கழித்து அமெரிக்கா போரில் குதித்தது. கை கால் இழந்தும் மனம் கலங்கியும் திரும்பிய வீரர்கள் இந்தப் புதிய தொழிலின் தேவையை நாட்டுக்குக் காட்டினார்கள்.

1919இல் எலினார் சங்கத்தின் தலைவரானார். பிறகு 1922 முதல் 1937 வரை நிர்வாகச் செயலாளர். ஆறு பேரோடு தொடங்கிய சங்கத்தை நாடு தழுவிய அமைப்பாக்கியதில் அவர் பங்கு பெரியது. 1923இல் பயிற்சிப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதிகள் வகுக்கப்பட்டன. படிப்புக் காலம் ஓராண்டு என்றும், அதில் சில மாதம் ஆஸ்பத்திரியில் பழகவேண்டும் என்றும் விதி வந்தது. 1935இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் பொறுப்பை ஏற்றது. கைவேலை தெரிந்த நல்ல மனதுக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறி, படித்துத் தேறிய தொழிலாக இது நிலைபெற்றது.

பழக்கப் பயிற்சி

எலினாரின் பெயரை நிலைநிறுத்தியது பழக்கப் பயிற்சி என்ற முறை. 1922இல் நியூயார்க் மாநில மனநோய் ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் தொழில்வழிச் சிகிச்சை இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். சாகும்வரை இருபது ஆண்டு அந்தப் பணியில் இருந்தார். பழக்கப் பயிற்சியைப் பல ஆயிரம் பேருக்குக் கொண்டுபோக அந்தப் பதவி உதவியது.

இந்தப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தவர்கள் பாதி குணமானவர்கள் அல்லர். யாரும் திரும்பிப் பாராதவர்கள். அக்காலத்தில் இளமை மனச்சிதைவு என்று சொல்லப்பட்ட நோயால் பல ஆண்டு படுக்கையிலும் பெஞ்சிலும் கிடந்து, மலம் சிறுநீர்க் கட்டுப்பாடுகூட இழந்தவர்கள்.

அதிகாலையில் எழுப்புவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, முகம் கழுவி, பல் துலக்கி, தலை வாரி, உடை உடுக்கச் செய்வது. படுக்கையை மடிப்பது. சிறிது உடற்பயிற்சி. மேசையில் அமர்ந்து கரண்டி பிடித்துச் சாப்பிடுவது. பிறகு கைவேலை. நடை. பந்தாட்டமோ நாட்டுப்புற நடனமோ. ஓய்வு. மாலையில் பாட்டு. குறித்த நேரத்தில் உறக்கம். மறுநாள் அதே வரிசை. அதற்கு மறுநாளும் அதே வரிசை.

சாதாரண மனிதன் நினைத்துப் பாராமல் செய்யும் காரியங்கள்! ஆனால் பத்தாண்டு மறந்துபோனவருக்கு ஒவ்வொன்றும் மலை. எழுப்பியவர் அலுத்துக்கொண்டால் காரியம் கெட்டது. ஆகவே சிகிச்சையாளர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியது அன்று இது. காலை ஊழியர், இரவு ஊழியர், நர்ஸ், டாக்டர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். இதற்காகவே நர்சுகளுக்கான பாடத்திட்டம் ஒன்றை ஹாரியட் ராப்சன் என்பவருடன் சேர்ந்து எலினார் எழுதினார்.

கைவேலையும் படிப்படியாக ஏறும். முதலில் வண்ண நூல்களைப் பிரிப்பது, துணியைக் கீற்றுகளாகக் கிழிப்பது போன்றவை. விரல் இணங்கியபின் கூடை முடைதல், கந்தல் துணியில் விரிப்பு நெய்தல். வார்டிலேயே நடந்த வேலை பிறகு தனிப் பட்டறைக்கு மாறும். கவனம் நிலைத்தவர்கள் தச்சு, தறி, தையல், அச்சு என்று உண்மையான தொழிலின் வாசலுக்கு வருவார்கள். வரிசையின் கடைசிப் படி ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்தது. நன்னடத்தை விடுப்பில் வீட்டுக்குப் போவதும், பிறகு நிரந்தரமாகப் போவதும்தான் அந்தப் படி.

எல்லாரும் அந்தக் கடைசிப் படியை எட்டவில்லை. பலர் நடுவிலேயே நின்றார்கள். ஆனால் அழுக்கிலும் ஈரத்திலும் கிடந்த ஒருவர் தாமே குளித்து, தாமே உடுத்தி, மேசையில் அமர்ந்து உண்பதும் மீட்சிதான். அந்த மனிதருக்கு அவருடைய மானம் திரும்பிவிட்டது.

யாருக்காக வேலை?

இங்கே ஒரு சங்கடமான கேள்வி உண்டு. அக்காலப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் வேலை செய்யாமலே இருந்துவிடவில்லை. பண்ணை, சலவைக்கூடம், சமையற்கட்டு, தையற்கூடம் எல்லாம் அவர்கள் உழைப்பில்தான் ஓடின. கூலி கிடையாது. நன்றாக வேலை செய்பவரை வெளியே அனுப்ப ஆஸ்பத்திரிக்கே மனம் வராது. சலவைக்கூடத்தின் தேவைக்காக, குணமான ஒருவர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்க நேர்ந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தவர் சும்மா இருந்து அழிந்தார். சலவைக்கூடத்தில் நின்றவர் உழைத்து அழிந்தார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை போடுவதுதான் தொழில்வழிச் சிகிச்சை. இந்த வேலை இந்த மனிதருக்கு எதற்கு என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பது அதன் விதி. முடைந்த கூடை கோணலாக இருக்கலாம். முடைந்தவர் நிமிர்ந்தால் போதும். வேலை அவருக்கு உதவி முடிந்ததும் அடுத்த படிக்கு அனுப்பிவிட வேண்டும்.

விதி இருந்தாலும் நடைமுறை எப்போதும் அதற்கு ஏற்ப இருக்கவில்லை. பணமும் ஆளும் பற்றாத ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்கும் சுரண்டலுக்கும் இடையிலான கோடு அடிக்கடி அழிந்தது. 1973இல்தான் அமெரிக்க மத்திய நீதிமன்றம் ஒன்று, ஆஸ்பத்திரிக்காக உழைக்கும் நோயாளிக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. எலினார் காலமாகி முப்பது ஆண்டு கழிந்தபின் வந்த தீர்ப்பு அது.

அவர் முறையிலும் குறை காண்பவர்கள் உண்டு. மணியடித்தாற்போல எல்லாரையும் ஒரே வரிசையில் நடத்துவது பட்டாளத்து ஒழுங்கு ஆகிவிடக்கூடும் என்பது ஒரு குறை. கூடையும் விரிப்பும் நகரத்துத் தொழிலாளிக்கு எந்தப் பிழைப்பைத் தரும் என்பது இன்னொரு குறை. இரண்டிலும் நியாயம் உண்டு. அதனால்தான் பின்வந்த சிகிச்சையாளர்கள் கூடையோடு நிற்கவில்லை. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது, பஸ் ஏறுவது, சம்பளத்தைக் கணக்கிட்டுச் செலவழிப்பது ஆகியவற்றையும் பயிற்சியாக்கினார்கள்.

விடைபெற்ற நாள்

1937இல் சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து எலினார் விலகினார். அட்லாண்டிக் சிட்டி நகரில் அவருக்கு நடந்த பிரிவுபசார விழாவுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரே வந்திருந்தார். பால்டிமோரில் அவரை வழிநடத்திய டாக்டர் மேயரும் வந்து பாராட்டினார்.

சங்கப் பொறுப்பைத்தான் விட்டார். ஆஸ்பத்திரிப் பணியை விடவில்லை. நியூயார்க் மாநில இயக்குநராகவே தொடர்ந்து, 1942 செப்டம்பர் 18ஆம் தேதி காலமானார். நாற்பது வயதில் படிக்கப் போனவர் எழுபத்தொன்றாம் வயதுவரை ஓயவில்லை.

அவர் பெயரால் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் 1953இல் ஒரு சொற்பொழிவு வரிசையை ஏற்படுத்தியது. அந்தச் சொற்பொழிவு நிகழ்த்த அழைக்கப்படுவது அத்துறையில் பெரிய கௌரவமாகக் கருதப்படுகிறது.

கதவு திறந்தபோது

எலினார் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1954இல், மனநோய்க்கான புதிய மருந்து அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. 1955இல் அந்நாட்டு அரசு மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மருந்து பலரை அமைதிப்படுத்தியது. 1963இல் ஜனாதிபதி கென்னடி சமுதாய மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிக் கதவுகள் திறந்தன.

வெளியே வந்தவர்களுக்கு ஊருக்குள் போதிய நிலையங்கள் கட்டப்படவில்லை. மருந்துச் சீட்டு கையில் இருந்தது. காலையில் எழுந்து என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. பலர் தெருவுக்கு வந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். நோயின் வேகத்தை மருந்து குறைத்தது உண்மை. ஆனால் நாளை நடத்தும் பழக்கத்தை மருந்து தருவதில்லை. அதை ஒருவர் கூட இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். எலினார் 1915இல் சிகாகோ பட்டறையில் கண்ட உண்மையை அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு இத்தொழில் வந்த வழி பம்பாய் வழி. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியப் பெண்மணியாகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார், அமெரிக்காவில் இக்கலையைக் கற்றுவந்து, 1950இல் பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் எட்டிய தொலைவில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் நாட்டின் முதல் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் உருவானார்கள்.

1982இல் இந்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக் குடும்பங்கள் அல்ல. வேறு வழி தெரியாத குடும்பங்கள். ஊருக்குள் ஒரு பட்டறை இருந்திருந்தால், வீட்டுக்கு வந்து வழிகாட்ட ஒருவர் இருந்திருந்தால், பலர் அந்தச் சங்கிலிக்கே வந்திருக்கமாட்டார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவர் சமுதாயத்தில் மற்றவரோடு வாழும் உரிமையை எழுத்தில் வைத்தது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. எழுத்தில் உள்ள உரிமையை ஒரு மனிதரின் காலைப் பொழுதாக மாற்றுவதற்கு ஆள் வேண்டும். எழுப்ப, உடன் நடக்க, கை தடுமாறும்போது பொறுத்திருக்க, வேலை பழகியதும் விலகி நிற்க.

ஹோபார்ட் ஊர்ப் பெண்மணி அப்படிப்பட்டவர்களைத்தான் முப்பது ஆண்டு பயிற்றுவித்தார். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இன்றும் பல வீடுகளில் உண்டு. நாளைக் காலையில் அவர் கையில் ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அவர் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே எலினார் ஸ்லேகிள் அம்மையாருக்குச் செலுத்தும் சிறந்த அஞ்சலி.